வேலியில் இருந்தது, டப்பாவில் வந்தது

எங்கள் பக்கத்தில் மாலைக்கண் வந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவைப்பட்டதில்லை. பொழுது மசங்குகிற நேரத்தில் தெருப்பிள்ளைகள் எல்லாம் ஓடிப்பிடித்து விளையாட, ஒன்று மட்டும் திண்ணையை விட்டு இறங்காது. இறங்கினாலும் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கும். கும்பாவில் கஞ்சி ஊற்றி முன்னால் வைத்தால் கை துழாவும். விடிந்ததும் அதே பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து ஓடுவதால் தாய்க்குச் சந்தேகம் வராது. கிழவிகளுக்குத்தான் முதலில் தெரியும். "ஏத்தா, இவனுக்கு மாலக்கண்ணு. ஆட்டீரல் வாங்கிச் சுட்டுக் குடு" என்பாள் என் அப்பத்தா. 1970-களின் தொடக்கம் அது. ராயப்பன்பட்டி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்திருக்கவில்லை. வெளிச்சமே இல்லாத வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மங்குவது எளிதில் யார் கண்ணிலும் படாது.

அப்பத்தா சொன்ன வைத்தியம் சரியானது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு ரொடாப்சின் என்றொரு நிறமி வேண்டும். அந்த நிறமியைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். ஆட்டுக்கும் சரி, மனிதனுக்கும் சரி, வைட்டமின் ஏ சேர்ந்திருக்கிற இடம் ஈரல். விழித்திரையில் இந்த வைட்டமின் இருப்பதை ஜார்ஜ் வால்ட் 1933-ல் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிகளுக்காக 1967-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஊர்க் கிழவிகளுக்குப் பெயர் தெரியாது, மருந்து தெரியும். ஈரல் வாங்கக் காசுதான் இல்லை. ஈஸ்டர், கிறிஸ்துமஸ், ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா: கறி எடுக்கிற நாட்கள் அவ்வளவுதான். பிள்ளையின் கண் அதுவரை காத்திருக்காது.

மாலைக்கண் முதல் படிதான். அதற்குப் பிறகு வெள்ளைவிழி ஈரம் வற்றிச் சுருக்கம் விழும். கருவிழிக்குப் பக்கத்தில் சோப்பு நுரை காய்ந்ததுபோல் ஒரு திட்டு வரும், பிட்டாட் திட்டு என்பார்கள். அந்த நிலையில் பிள்ளைக்கு மணல்வாரி அம்மையோ விடாத வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், மிச்சம் மீதி இருந்த வைட்டமினையும் உடம்பு செலவழித்துவிடும். கருவிழி கரைய ஆரம்பிக்கும். சில நாட்களில், சில சமயம் ஒரே நாளில், கண் போய்விடும். என் சித்தி மகளுக்கு அப்படித்தான் ஒரு கண் போனது. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய பிறகு அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது ஒன்று வெளுத்திருந்தது. அம்மை பார்த்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, கவிச்சி கூடாது, கீரை குளிர்ச்சி என்று அதையும் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைக்கு எது மிக அவசரமாகத் தேவையோ அதையெல்லாம் பத்தியம் என்ற பெயரில் நிறுத்திவைத்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியவில்லை.

அதுவும் எந்த ஊரில்? 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்ததிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் விளைகிற பூமி. கிழக்கே மேகமலை, மேற்கே கேரள மலை, நடுவில் வயலும் தென்னையும் வாழையும். உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தியை வரிசையாக நட்டிருப்பார்கள். வாய்க்கால் கரையில் பொன்னாங்கண்ணி தானாக முளைக்கும். வேலியில் முருங்கை. கொல்லையில் சுக்குட்டிக் கீரையும் பப்பாளியும். வைட்டமின் ஏ-யை உடம்பு தானே செய்துகொள்ளத் தேவையான பீட்டா கரோட்டின் இந்தக் கீரைகளில் நிறைந்து கிடந்தது. அகத்திக்கட்டு ஆட்டுக்குப் போனது. முருங்கைக்கீரையைப் பெரியவர்கள் எப்போதாவது துவட்டித் தின்றார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குக் கீரை கொடுத்தால் கழிச்சல் வரும் என்று பயந்தார்கள். அதற்குக் கிடைத்தது கஞ்சியும் உப்பும். கீரை கொடுத்த வீட்டிலும் எண்ணெயில் கடும் சிக்கனம். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், சோற்றோடு துளி எண்ணெய் இல்லாவிட்டால் குடலிலிருந்து உடம்பில் ஏறுவது குறைந்துபோகும். பச்சைப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குக் கண் மங்கியதற்குக் காரணம் இதுதான்: வறுமை பாதி, யாரும் வந்து சொல்லாதது பாதி.

வந்து சொன்னவர்களில் முதன்மையானவர் மதுரையில் இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி, வடமலாபுரத்துக்காரர், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கையாலேயே லட்சம் கண் அறுவைகள் செய்தவர். அவர் 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே, அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில், நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற இடத்தில், அவர் செய்த இன்னொரு வேலையை அதிகம் பேர் சொல்வதில்லை. 1970-களின் தொடக்கத்தில் அங்கே வைட்டமின் ஏ குறைவால் கண் கெட்ட பிள்ளைகளுக்காக ஒரு சத்துணவு மறுவாழ்வு மையம் நடத்தினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கண் ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த ஆன்டனெட் பிரி என்ற உயிர்வேதியியல் அறிஞர், ஓய்வு பெறுகிற வயதில் மதுரைக்கு வந்து அந்த வேலையில் கைகோத்தார். பிள்ளையோடு தாயும் மையத்தில் தங்குவாள். அங்கேயே சமைப்பாள். கீரையையும் பருப்பையும் மசித்து, எண்ணெய் சேர்த்துப் பிள்ளைக்கு ஊட்டக் கற்றுக்கொள்வாள். தன் கையால் கொடுத்த சோற்றில் பிள்ளை தேறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊருக்குப் போவாள். அந்த அனுபவத்தை 1976-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. மதுரைச் சந்தையில் யாரும் வாங்கக்கூடியதைக் கொண்டே செய்தார்கள். அந்த அடக்கத்தை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். சித்தியிடம் யாரும் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் படித்து முடித்துச் சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தது 1980-களில். அதற்குள் காற்று திரும்பியிருந்தது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ ஊற்றும் தேசியத் திட்டம் 1970-லேயே தொடங்கியிருந்தாலும், மருந்து கிராமத்துக்கு ஒழுங்காக வந்துசேரப் பல வருடங்கள் ஆயின. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் வந்தது. அதன் சோதனை ஓட்டம் எங்கள் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் நடந்தது. மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மணல்வாரி என்கிற தட்டம்மைக்குத் தடுப்பூசியும் பின்னாலேயே வந்தது. 1980-களின் நடுவில் தேனியிலேயே அரவிந்த் மருத்துவமனை வந்துவிட்டதால் பார்வைக்காக மதுரைக்குப் போகிற தூரம் பாதிக்கும் கீழே குறைந்தது.

மருந்து ஊற்றுவது எளிய வேலை என்று நினைப்பார்கள். மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். முழு அளவு இரண்டு மில்லி. பிள்ளை துப்பினால் போச்சு. தாய் மடியில் சாய்த்து, கன்னத்தை லேசாக அழுத்தி, நாக்குக்கு ஓரமாக விட வேண்டும். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்போது நான் சித்தி மகளின் கதையைச் சொல்வேன். அவளே சில தடவை என்னோடு வந்து நின்றிருக்கிறாள். அவள் வந்து நின்ற தெருவில் ஒரு கதவும் சாத்தப்பட்டதில்லை.

இந்தச் சொட்டு கண்ணைக் காப்பாற்றுவதோடு உயிரையும் காப்பாற்றுகிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் பிள்ளைகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆல்ஃபிரட் சாமர் 1986-ல் எழுதினார். பலர் நம்பவில்லை. அப்புறம் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் அரவிந்த் குழு திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 பிள்ளைகளை ஒரு வருடம் தொடர்ந்தது. பெரிய அளவாக ஒரே மூச்சில் கொடுக்காமல், வாரம் ஒருமுறை சிறு அளவு, ஏறத்தாழ உணவிலேயே கிடைத்திருக்க வேண்டிய அளவு, வீடு தேடிப் போய்க் கொடுத்தார்கள். சாவு பாதிக்கும் மேல், 54 சதவீதம், குறைந்தது. 1990-ல் அந்த முடிவு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிள்ளை வாரத்துக்குத் தின்னாமல் விட்ட கீரையின் விலை என்ன என்பதை அந்த ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியதாகவே நான் அதை வாசித்தேன்.

இன்று ராயப்பன்பட்டியில் மாலைக்கண் பிள்ளையைப் பார்ப்பது அரிது. அங்கன்வாடியில் மருந்து ஊற்றுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் முட்டை போடுகிறார்கள். இதைச் சாதித்தவர்களில் பாதிப் பேர் பெயரே இல்லாத செவிலியர்களும் ஆயாம்மாக்களும்.

இப்போது கண்ணைப் பற்றிய பேச்சு பெரியவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. பெரியப்பா மகன், என் அண்ணன், இளவயதில் ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம் மெட்டு ஏறிப் போனவர். பிறகு ஊரில் திராட்சைத் தோட்டம் போட்டார். பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உப்பு, ஊறுகாய், சுகர் மாத்திரைக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. குவைத்தில் இருக்கிற மகன் அனுப்பியது ஒன்று, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது மற்றொன்று. ஒரு மாதச் செலவு ஆயிரத்துக்கும் மேல்.

"கண்ணுக்குச் சத்து மாத்திர தம்பி. செண்டுப்பூவுல இருந்து எடுக்குறதாம். கெடுதல் கிடையாது" என்றார் அண்ணன்.

செண்டுப்பூ என்பது உண்மைதான். நம் சீலையம்பட்டிப் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்து, ஓணத்துக்குக் கேரளா போகிற அதே பூ. சப்பரத்துக்கும் கட்டுவோம், கல்லறைத் திருநாளுக்கும் வைப்போம். அதன் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் லூட்டீன் என்ற கரோட்டினாய்டு, பீட்டா கரோட்டினின் குடும்பம். இதற்கென்றே ஒப்பந்தம் போட்டுப் பூ வளர்க்கிறார்கள். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கம் ஆடி மாதம் போனால் சாலையின் இரு புறமும் அந்த நிறம்தான். பூவைக் குழியில் அமுக்கிப் புளிக்கவைத்து, உலர்த்தி, உருண்டைகளாக்கி, கரைப்பானில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். கோழித் தீவனத்தில் கலந்தால் மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும். சுத்திகரித்துப் படிகமாக்கினால் மாத்திரையில் அடைக்கலாம். உலகச் சந்தையில் லூட்டீன் பெரும்பாலும் இந்தப் பூவிலிருந்துதான் வருகிறது.

லூட்டீன் கண்ணுக்கு வேண்டும் என்பதும் உண்மை. விழித்திரையின் நடுவில், நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படுகிற இடத்தில், மஞ்சளாக ஒரு சிறு வட்டம் இருக்கிறது. அந்த மஞ்சள் லூட்டீனும் அதன் உறவான ஸீயாஸாந்தினும் சேர்ந்தது. நீல வெளிச்சத்தில் ஒரு பகுதியை அவை வடிகட்டுகின்றன, வெளிச்சத்தால் வரும் தேய்மானத்தைத் தாங்குகின்றன. உடம்பால் இவற்றைச் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ-யாக மாறும், லூட்டீன் மாறாது. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: மாலைக்கண்ணுக்கு லூட்டீன் மருந்தாகாது.

அப்படியானால் மாத்திரை யாருக்கு? அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் இதைப் பொறுமையாகச் சோதித்திருக்கிறது. 2001-ல் வெளியான முதல் ஆய்வில் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். முதுமையில் விழித்திரை நடுப்பகுதி தேயும் நோய் ஏற்கெனவே நடுத்தர அளவுக்கு வந்துவிட்டவர்களுக்கு, அது முற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. நோய் இல்லாதவர்களுக்கும் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கும் பலன் தெரியவில்லை. கண்புரையை அது தள்ளிப்போடவில்லை. 2013-ல் இரண்டாவது ஆய்வு: 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் ஸீயாஸாந்தினும் சேர்த்துப் பார்த்தார்கள், சிலருக்கு மட்டும் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். அண்ணனின் ஒரு டப்பாவில் அச்சடித்திருந்தது அதே அளவு. ஒரு நோயின் ஒரு கட்டத்துக்காகச் சோதித்த அளவை, 'கணினி பார்ப்பவர்களுக்கு', 'வயதானவர்களுக்கு', 'பார்வை கூர்மைக்கு' என்று எல்லோருக்குமாக விரித்து விற்கிறார்கள். டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி அச்சடித்தே ஆக வேண்டும். அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. முன்பக்கத்துக் கண் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

மற்ற டப்பாதான் என்னை உலுக்கியது. அதில் இருந்தது பழைய கலவை, 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். அண்ணன் நாற்பது வருடம் பீடி குடித்தவர், நிறுத்திக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994-ல் முடிவு சொன்னது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித் தொடங்கிய ஆய்வு அது. அமெரிக்காவில் இதேபோல் நடந்த இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. 2013 ஆய்விலும் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று கூடுதலாகத் தெரிந்தது, புற்று வந்தவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டை முன்பே விட்டவர்கள். கண் டாக்டர்கள் பீட்டா கரோட்டினைக் கைவிட்டு லூட்டீனுக்கு மாறியதற்கு இதுவே காரணம். கீரையிலும் பப்பாளியிலும் வருகிற கரோட்டினுக்கு இந்தப் பயம் வேண்டாம். தனியாகப் பிரித்து, கூட்டிக் கொடுக்கும்போதுதான் இந்த ஆபத்து. ஏலமலைக்குப் போய்வந்த ஆண்களில் பீடி குடிக்காதவர் குறைவு. எங்கள் பள்ளத்தாக்கில் இந்த ஒரு செய்தியையாவது ஒவ்வொரு மருந்துக் கடையிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான் டப்பாவைப் படித்துக்கொண்டிருக்கையில் மதினி சொன்னார்கள்: "மாத்திர திங்க ஆரம்பிச்சு வருசத்துக்கு மேல ஆச்சு கொழுந்தனாரே. ஆனா தோட்டத்துல பந்தல் கம்பி வளைஞ்சு வளைஞ்சு தெரியுதுங்குறாக."

அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்தூண் சரிந்து கம்பி தொய்ந்திருக்கும் என்று ஆள் வைத்து இழுத்துக் கட்டினாராம். கட்டிய பிறகும் வளைந்தே தெரிந்தது. குலையில் பிஞ்சு கழிக்கும்போது பழம் பழமாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்று விளம்பரத்தில் சொன்னதால் காத்திருந்தார்.

நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. அது காத்திருக்கிற விஷயமில்லை. மறுநாளே தேனிக்கு அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு உள்ளே பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கசிந்து, நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தது. மாத்திரை விற்றவர்கள் குறி வைத்த அதே மஞ்சள் வட்டம்தான். நோய் மட்டும் வேறு. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது, கண்ணுக்குள் போடுகிற ஊசி, தேவைப்பட்டால் லேசர்: இந்த நோய்க்கு வைத்தியம் இவைதான். இதற்கு எந்தப் பூவின் சாறும் ஈடாகாது. சர்க்கரை நோயாளி வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைக் காட்டினால், பார்வை மங்குவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். சர்க்கரை வந்து பல வருடம் ஆகியும் அண்ணன் ஒருமுறைகூடக் காட்டியதில்லை. பார்வைக்காக எதுவும் செய்யாமல் இருந்தால்கூட ஒருநாள் பயந்து டாக்டரிடம் போயிருப்பார். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதிதான் அவரைத் தடுத்தது. நான் மாத்திரையைப் பற்றிக் கவலைப்படுவது அதனால்தான். காசு போவது அதற்கு அடுத்த கவலை.

எங்கள் தெருவிலேயே இப்படிப் பலர் இருக்கிறார்கள். புரை முற்றிய கிழவர் கேரட் ஜூஸ் குடிக்கிறார். புரைக்கு அறுவைதான் வழி, அதற்குத் தேனியில் முகாம் நடக்காத மாதமில்லை. சிலர் நம்மூர்த் திராட்சையே கண்ணுக்கு மருந்து என்கிறார்கள். பன்னீர் திராட்சை எனக்கு உயிர், ஆனால் அதன் கருநீலம் ஆந்தோசயனின், கரோட்டினாய்டு அதில் சொற்பம். பொன்னாங்கண்ணியை ஒரு மண்டலம் தின்றால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படித் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன், எந்தக் கீரை கண்ணுக்கு ஆகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் கடத்திய சொல் அது.

புரையைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. ஹரியானாவின் குர்கானிலும் புதுச்சேரிப் பகுதியிலும் அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதித்த பெரிய இந்திய ஆய்வு ஒன்று, ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர்களுக்குப் புரை அதிகம் என்று கண்டது. வடக்கில் 74 சதவீதம் பேருக்கும் தெற்கில் 46 சதவீதம் பேருக்கும் வைட்டமின் சி பற்றாக்குறை. நெல்லிக்காயும் கொய்யாவும் காய்க்கிற நாட்டில் நம் முதியவர்களின் தட்டு அவ்வளவு வெறுமையாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு மிஞ்சியதைத் தின்கிற கிழவிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு என்று வந்தால் எங்கள் மாவட்டத்துக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 முருங்கை இன்று எத்தனையோ நாடுகளில் வளர்கிறது. அதன் இலை பொடியாகிப் பாக்கெட்டில் அடைபட்டு வெளிநாடு போகிறது, அங்கிருந்து சத்துப்பொடியாகத் திரும்பியும் வருகிறது. மரத்தடியில் நிற்கிறவன் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. பச்சை இலையை உருவி, எண்ணெயில் வெங்காயம் தாளித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பீட்டா கரோட்டின், லூட்டீன் இரண்டும் ஒரே தட்டில் வந்துவிடும். மஞ்சள் கருவில் லூட்டீன் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொழுப்பு கீரையில் இருப்பதையும் சேர்த்து உடம்பில் ஏற்றும். வேகவைப்பதால் கரோட்டின் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அளவாக வெந்தால் இன்னும் நன்றாகவே உடம்பில் சேரும். வெயிலில் காயப்போட்டால்தான் வீணாகும். பொடி வேண்டுமானால் நிழலில் உலர்த்துங்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் மட்டும் தினமும் கீரை சாப்பிடுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

அண்ணனுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. இழந்த பார்வை முழுவதும் திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். மதினி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த இரண்டு டப்பாவையும் அவர் முன்னால் வைத்தார்கள். டாக்டர் நிதானமாகப் படித்துவிட்டு, பீட்டா கரோட்டின் இருந்ததை ஒதுக்கி வைத்தார். "இது இனிமே வேண்டாம்மா. இன்னொண்ணு கெடுதல் செய்யாது, ஆனா இவர் நோய்க்கு இது மருந்தில்ல. அடுத்த மாசம் ஊசிக்குத் தவறாம வாங்க. மூணு மாசச் சர்க்கரை அளவு பார்த்துக் கொண்டாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது குவைத்திலிருந்து மகன் கூப்பிட்டான். அப்பாவுக்கு இன்னும் நல்ல மாத்திரையாக அனுப்பட்டுமா என்று கேட்டான். மதினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அதெல்லாம் வேணாம்யா. ஒனக்கும் முப்பத்தஞ்சு தாண்டிருச்சு. அப்பனுக்கு இருக்குறது ஒனக்கும் வரும். இந்த வெள்ளிக்கெழம லீவுல போயி மொதல்ல நீ சுகர் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு" என்றார்கள்.